இலத்தீன் காதற்கவிதை: மொழிபெயர்த்துக் கற்பதா, அலகிட்டுக் கற்பதா?

இலத்தீன் மொழியின் செவ்வியல் காதற்கவிதைகளைக் கற்க விரும்புகிறவர்கள் தொடக்கத்திலேயே ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். கி.மு. முதல் நூற்றாண்டின் நடுவில் கட்டுல்லஸில் தொடங்கி, டிபுல்லஸ், புரோபர்டியஸ் வழியாக ஓவிட் வரை நீளும் இந்த மரபு அளவில் பெரியதன்று. ஆயினும் அதற்குள் நுழையும் வழிகள் வெவ்வேறானவை. பிறர் செய்த மொழிபெயர்ப்பை மட்டும் படித்து நிறைவடைவது ஒரு வழி. இலக்கணம் கற்று, அகராதியின் துணையோடு தாமே சொல்லுக்குச் சொல் பொருள் கண்டு மொழிபெயர்ப்பதும், யாப்பைப் பிற்காலத்துக்கு ஒதுக்கிவைப்பதும் இன்னொரு வழி. ஒவ்வோர் ஈரடியையும் முதலில் அலகிட்டு, அதாவது அசைகளை நெடியவை, குறியவை எனக் குறித்துச் சீர்களாகப் பிரித்து, அந்த அலகின் துணையோடு பொருள் காணச் செல்வது மூன்றாவது வழி. கல்விக்கூடங்களில் பெரும்பாலும் இரண்டாவது வழியே பின்பற்றப்படுகிறது. எனினும் தாமாகக் கற்க முனையும் தமிழ் வாசகருக்கு மூன்றாவதே ஏற்றது என்பது என் கருத்து. யாப்பு இக்கவிதைகளின் பொருளுக்கு வெளியே நிற்கும் அணியன்று, பொருளைத் திறக்கும் கருவிகளுள் ஒன்று என்பதே அதற்குக் காரணம்.

மொழிபெயர்ப்பு மட்டும் போதும் என்பவர்களின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒருவருக்கு வாழ்நாளில் கிடைக்கும் நேரம் குறைவு. ரோமானியக் காதற்கவிதையின் சூழல், அதன் நாயகியரான லெஸ்பியா, சிந்தியா, டெலியா, கொரின்னா, அதன் வழக்கமான காட்சிகளான பூட்டிய கதவும் காத்திருக்கும் காதலனும் ஆகிய அனைத்தையும் மொழிபெயர்ப்பிலேயே அறிந்துகொள்ளலாம். ஆனால் இந்த வழியில் இரண்டு இழப்புகள் உண்டு. ஒன்று, இடையில் நிற்பவர் எதைத் தந்தார், எதை மறைத்தார் என்பது நமக்குத் தெரியாமல் போவது. ஆங்கிலத்தில் 1961இல் வெளிவந்த, மாணவர்கள் பரவலாகப் பயன்படுத்திய கட்டுல்லஸ் உரைநூல் ஒன்று, விளக்கத்துக்கு ஏற்றவை அல்ல என்று கருதி முப்பத்திரண்டு கவிதைகளை முழுவதுமாக விட்டுவிட்டது. உரையாசிரியரே இப்படிச் செய்யும்போது, மொழிபெயர்ப்பாளர்கள் மென்மையாக்கியவை எவ்வளவு இருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மற்றோர் இழப்பு இதைவிட ஆழமானது. அதற்கு ஓவிட்டின் ‘அமோரெஸ்’ தொகுப்பின் முதற்கவிதையே சான்று. ஓவிட் போர்க்காவியம் எழுத அமர்கிறார். முதல் அடி ஆறு சீர்களால் ஆன காவிய அடி. வெர்ஜிலின் காவியமான ‘ஈனியிட்’ எந்தச் சொல்லில் தொடங்குகிறதோ, படைக்கலம் என்று பொருள்படும் அதே ‘அர்ம’ என்னும் சொல்லில்தான் இதுவும் தொடங்குகிறது. இரண்டாம் அடியும் அதற்குச் சமமாகவே இருந்ததாம். அப்போது காமதேவனாகிய கூபிட் சிரித்துக்கொண்டே அதிலிருந்து ஒரு சீரைத் திருடிக்கொண்டு போய்விட்டான் என்கிறார் கவிஞர். ஆறும் ஆறுமாக இருந்தது ஆறும் ஐந்துமாக ஆயிற்று; காவியம் காதற்கவிதையாக மாறிவிட்டது. கவிதை பேசும் நிகழ்ச்சி அந்தக் கவிதையின் யாப்பிலேயே நடக்கிறது. இதைக் கிறிஸ்டோபர் மார்லோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது, இரண்டு அடிகளும் ஒரே நீளமுள்ள, இயைபு கொண்ட ஈரடிகளாக ஆக்கினார். 1599இல் ஆயர்களின் ஆணையால் எரிக்கப்பட்ட நூல்களுள் ஒன்றான அந்த மொழிபெயர்ப்பு வேகமும் துணிவும் உடையது. நான் அதை மதிக்கிறேன். ஆயினும் அடிகள் சமமாகிவிட்ட இடத்தில் திருட்டு நடந்ததாகக் கூறுவதைக் கேட்கும் வாசகர், களவுபோன பொருள் எதுவென்று அறியாமலேயே நகர்ந்துவிடுகிறார். ஓவிட்டே மூன்றாம் நூலின் தொடக்கத்தில் எலஜி என்னும் இந்த ஆறும் ஐந்துமான ஈரடிப் பாவகையை ஒரு பெண்ணாக உருவகித்து, அவளுடைய கால்களுள் ஒன்று மற்றதைவிட நீளமாக இருந்தது என்றும், அந்தக் குறையே அவளுக்கு அழகாயிற்று என்றும் எழுதுகிறார். அலகிடத் தெரியாதவருக்கு இது ஒரு வினோதமான வருணனை மட்டுமே.

இனி இரண்டாவது வழி. இலக்கணத்தை முழுமையாகக் கற்று, எழுவாய், பயனிலை, வேற்றுமை என்று பிரித்துப் பொருள் காணும் பயிற்சிக்கு மாற்று எதுவும் இல்லை. இலத்தீன் சொற்கள் தம் உறவை ஈறுகளால் காட்டுவதால், பெயரும் அதன் அடையும் அடியின் இரு முனைகளில் நிற்கலாம். வேற்றுமை உருபுகளோடு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்த அமைப்பு ஆங்கிலேயருக்கு இருக்கும் அளவுக்கு அயலானதன்று. ஆகவே இலக்கணப் பயிற்சியைக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அலகிடுதலை அதற்குப் பின்னால் வைப்பதைத்தான் மறுக்கிறேன். அச்சிடப்பட்ட பெரும்பாலான மூலநூல்களில் உயிரெழுத்தின் நெடுமை குறிக்கப்படுவதில்லை. குறிலும் நெடிலும் ஒரே எழுத்தாகவே நிற்கும். இந்த இடத்தில்தான் அகராதி கைவிட்டுவிடுகிறது, யாப்பு கைகொடுக்கிறது.

மேற்சொன்ன ஓவிட் கவிதையின் இரண்டாம் அடியையே எடுத்துக்கொள்வோம்: ஏதெரெ, மாதெரியா கொன்வெனியெந்தெ மொதீஸ். முதற்சொல்லை எழுத்தில் மட்டும் கண்டால் இரண்டு வினைகளுள் எதுவாகவும் இருக்கலாம்: எகரம் குறிலானால் ‘உண்ண’, நெடிலானால் ‘வெளியிட’. அடியின் முதல் ஒலியசை நெட்டசையாகத்தான் இருக்க வேண்டும் என்பதால் ஐயம் உடனே தீர்கிறது. அடுத்த சொல்லின் ஈற்று ஆகாரமும் அப்படியே. அது குறிலாக இருந்தால் எழுவாய். நெடிலாக இருந்தால் நீங்கற்பொருள் வேற்றுமை. ஐஞ்சீரடியின் முற்பாதி அந்த அசையோடு முடிகிறது. அங்கே நெட்டசையே எதிர்பார்க்கப்படும். ஆகவே அது எழுவாய் அன்று, அடுத்துவரும் எச்சத்தோடு சேர்ந்து தனித்து நிற்கும் தொடர் என்பது தெளிவாகிறது. தமிழில் ‘பொருள் யாப்புக்கு இசைந்திருக்க’ என்று செயவென் எச்சத்தால் அதை அப்படியே சொல்லிவிடலாம். ஒரே அடியில் இரண்டு இலக்கண ஐயங்களை அலகு தீர்த்துவைக்கிறது.

இது தற்செயலான எடுத்துக்காட்டு என்று ஒருவர் நினைக்கலாம். கட்டுல்லஸின் ஐந்தாம் கவிதையில், கதிரவன்கள் மறைந்து மீண்டும் வரலாம், ஆனால் நமது குறுகிய ஒளி ஒருமுறை மறைந்துவிட்டால் முடிவற்ற ஓர் இரவைத்தான் உறங்கிக் கழிக்க வேண்டும் என்னும் புகழ்பெற்ற பகுதி வருகிறது. அங்கே ‘மறைகிறது’ என்பதற்கு நிற்கும் சொல் ஒக்கிதித். அதன் இகரம் நீண்டு ஒக்கீதித் என்றானால் ‘கொல்கிறது’ என்று பொருள். பதினோரசை அடியின் ஏழாம் அசை குற்றசையாகவே இருக்க வேண்டும் என்ற விதி, மாணவரை அகராதியின் சரியான பதிவுக்குக் கொண்டுசேர்க்கிறது. அதே அடி ‘லூக்ஸ்’ என்று ஒளியைக் குறிக்கும் ஓரசைச் சொல்லில் திடீரென முடிய, அடுத்த அடி ‘நொக்ஸ்’ என்று இரவைக் குறிக்கும் ஓரசைச் சொல்லில் தொடங்குவதும் அலகிடும்போதுதான் கண்ணில் படும்.

மூன்றாவது சான்று சுல்பிசியா. அகஸ்டஸ் காலத்து ரோமில் காதலைத் தன் குரலில் எழுதி, அந்த எழுத்து நம்மை வந்தடைந்த ஒரே பெண் கவிஞர் இவர். டிபுல்லஸின் தொகுப்போடு சேர்ந்து நமக்குக் கிடைத்திருக்கும் அவருடைய ஆறு சிறு கவிதைகளில் மொத்தம் நாற்பது அடிகளே உள்ளன. அவற்றின் முதல் அடி ‘தந்தெம் வேனித் அமோர்’ என்று தொடங்குகிறது. வினையின் எகரம் குறிலானால் ‘காதல் வருகிறது’. நெடிலானால் ‘காதல் வந்துவிட்டது’. முதற்சீர் இரண்டு நெட்டசைகளால் நிறைந்துவிடுவதால், அடுத்த சீர் இந்த வினையில்தான் தொடங்க வேண்டும். எனவே அது நெட்டசை. இறுதியாகக் காதல் வந்தேவிட்டது. காத்திருத்தல் முடிந்த நிலையிலிருந்து அந்தப் பெண் பேசுகிறாளா, முடியப்போகும் நிலையிலிருந்து பேசுகிறாளா என்பது ஓர் உயிரெழுத்தின் மாத்திரையில் இருக்கிறது. இதை அறியாமல் செய்யும் மொழிபெயர்ப்பு தற்செயலாகச் சரியாக அமையலாம். தன் முடிவுக்குக் காரணம் சொல்ல அதனால் இயலாது.

அலகிடும் முறை கடினமானதன்று. ஒரு சொல் உயிரிலோ மகர ஒற்றிலோ முடிந்து, அடுத்த சொல் உயிரிலோ ஹகரத்திலோ தொடங்கினால் முதற்சொல்லின் ஈறு கெட்டுவிடும். குற்றியலுகரம் உயிர் வரும்போது கெடுவதை அறிந்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது. இந்தக் கேடுகளை முதலில் குறித்துவிட வேண்டும். பிறகு இரண்டு மெய்களுக்கு முன் நிற்கும் அசைகளையும் கூட்டுயிர்களையும் நெட்டசை என்று குறிக்கலாம். அறுசீரடியில் ஐந்தாம் சீர் பெரும்பாலும் ஒரு நெட்டசையும் இரு குற்றசைகளுமாக வரும். ஐஞ்சீரடியின் பிற்பாதியோ மாற்றமே இல்லாதது. ஆகவே அடியின் இறுதியிலிருந்து பின்னோக்கி நிரப்பிக்கொண்டு வந்தால், முற்பகுதியில் எஞ்சும் ஐயங்கள் ஒன்றிரண்டே. ஒற்றடுத்த குறில் நெடிலுக்கு நிகராக நிற்பது தமிழ் யாப்பிலும் உண்டு என்பதால் நமக்குப் பாதி வேலை முன்பே முடிந்திருக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். ‘கடல்’ என்பதை நாம் ஒரே நிரையசையாகக் கொள்வோம். இலத்தீனில் ‘க’ ஒரு குற்றசை, ‘டல்’ ஒரு நெட்டசை என்று இரண்டாகவே எண்ண வேண்டும். நேர், நிரை என்னும் பழக்கத்தை அப்படியே எடுத்துச் சென்றால் கணக்குத் தவறிவிடும்.

தமிழருக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. குறில் நெடில் வேறுபாட்டையும் இரட்டித்த மெய்யையும் நாம் நாள்தோறும் ஒலிக்கிறோம்; ஆங்கிலம் பேசுவோர் இவற்றைத் தனியே பயில வேண்டியிருக்கிறது. நமது எழுத்தும் எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் பிரித்துக் காட்டுகிறது. இந்த வேறுபாட்டை எழுத்தில் நிலைநிறுத்தியவராகப் போற்றப்படுகிறவர், இலத்தீனில் ஆழ்ந்த புலமை கொண்டிருந்த வீரமாமுனிவர் என்பதை இங்கே நினைவுகூரத் தோன்றுகிறது. திருக்குறளை இலத்தீனில் பெயர்த்த அவர் அறத்துப்பாலோடும் பொருட்பாலோடும் நிறுத்திக்கொண்டார், காமத்துப்பாலைத் தொடவில்லை. ஈரடியில் காதலைப் பாடுவதற்கு ஒரு பெரும் மரபையே வைத்திருந்த மொழிக்கு அது அவர் கையால் போய்ச் சேராதது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. கற்கும்போது ஒவ்வோர் இலத்தீன் அடியின் கீழும் அதைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி. வல்லினத்தின் ஒலிப்பு வேறுபாடுகள் அதில் மறைந்துவிடும். ஆனால் உயிர்களின் அளவு துலக்கமாகத் தெரியும்.

அலகிடுதலின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். யாப்பு அசையின் அளவைத்தான் காட்டும். இரண்டு மெய்களுக்கு முன் நிற்கும் உயிர் இயல்பிலேயே நெடிலா குறிலா என்பதை அது வெளிப்படுத்தாது. ஒரு சொல்லை அறவே அறியாதவருக்கு அலகு மட்டும் பொருளைத் தந்துவிடாது. பொருளை முற்றிலும் ஒதுக்கிவிட்டு அடிகளை மட்டும் குறிபோட்டுக்கொண்டே போகும் மாணவர், விரைவில் அதை இயந்திரத்தனமான வேலையாக்கிக்கொள்வார். எனவே அலகிட்ட ஈரடிக்கு அன்றே, அந்த இருக்கையிலேயே பொருள் காண வேண்டும். ஓர் அமர்வில் நான்கு ஈரடிகள் என்ற அளவு போதுமானது. அடிகளைத் தானாகவே அலகிட்டுத் தரும் இணையக் கருவிகள் இப்போது உள்ளன. சரிபார்க்க அவை உதவும், ஆனால் முதல் சில மாதங்களில் அவற்றை நாடக் கூடாது என்பேன். ஐயத்தோடு ஓர் அசையின் முன் நிற்கும் அந்தச் சிறு நேரத்தில்தான் இலக்கணம் மனத்தில் பதிகிறது. நெடில் குறியிட்ட பாடநூல்களுக்கும் இதே காரணம் பொருந்தும்: இலக்கணம் கற்கும்போது அவை தேவை, கவிதைக்கு வந்தபின் குறியில்லாத பதிப்பே நல்லது.

எந்தக் கவிஞரிடம் தொடங்குவது என்பது இந்த முடிவோடு பின்னிப்பிணைந்த கேள்வி. பலரும் கட்டுல்லஸையே பரிந்துரைக்கிறார்கள். கவிதைகள் சிறியவை, உணர்ச்சி நேரடியானது, சொற்கள் பேச்சுக்கு நெருக்கமானவை என்பதெல்லாம் உண்மை. ஆனால் யாப்பைக் கருத்தில் கொண்டால் அவர் தொடக்கக்காரருக்குக் கடினமானவர். ஐந்தாம் கவிதை பதினோரசை அடி, எட்டாம் கவிதை குற்றசையும் நெட்டசையும் மாறிமாறி வந்து ஈற்றில் நொண்டும் ஐயாம்பிக் அடி, பண்டைய கிரேக்கப் பெண் கவிஞரான சாப்போவைத் தழுவிய ஐம்பத்தொன்றாம் கவிதை சாப்போவின் பெயராலேயே வழங்கும் நாலடி யாப்பு, அறுபத்தைந்தாம் கவிதை முதல் இறுதிவரை எலஜி ஈரடி. ஒவ்வொன்றுக்கும் புதிய வாய்பாடு வேண்டும். அவருடைய ஈரடிகளிலும் ஈறு கெடுதல் மிகுதி. எழுபத்துமூன்றாம் கவிதையின் கடைசி அடியில் மட்டும் ஐந்து இடங்களில் ஈறு கெடுகிறது.

ஓவிட்டின் ‘அமோரெஸ்’ தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே யாப்பில் அமைந்தது. அவர் ஐஞ்சீரடியை ஈரசைச் சொல்லில் முடிப்பதை ஏறத்தாழ விதியாகவே கொண்டார். பெரும்பாலான ஈரடிகளில் வாக்கியமும் அங்கேயே முடிந்துவிடும். ஓர் ஈரடி, ஒரு கருத்து, ஒரு வாக்கியம் என்ற இந்த ஒழுங்கு, அலகிட்டுப் பொருள் காணும் முறைக்கென்றே அமைந்தது போன்றது. முப்பது அடிகள் கொண்ட முதற்கவிதையையும், கொரின்னா நண்பகலில் வரும் இருபத்தாறு அடிகள் கொண்ட ஐந்தாம் கவிதையையும் முடித்தவருக்கு யாப்பு கைவந்துவிடும். ஓவிட்டிடம் உணர்ச்சி ஆழமில்லை, திறமை மட்டுமே உண்டு என்னும் குறைகூறலை நான் ஏற்பதில்லை. அவருடைய நகைச்சுவைக்குள் காதலின் அவமானங்கள் எவ்வளவு கூர்மையாகப் பதிவாகியிருக்கின்றன என்பது மெதுவாகப் படிக்கும்போதுதான் தெரியவரும். டிபுல்லஸின் மொழி தெளிவானது. அவரை ஓவிட்டுக்கு அடுத்து வைக்கலாம். புரோபர்டியஸோ கருத்திலிருந்து கருத்துக்குத் திடீரெனத் தாவுகிறவர், பாடமும் பல இடங்களில் சிதைந்திருக்கிறது. அவருடைய முதற்கவிதையின் இரண்டாம் அடியே ஐந்தசைச் சொல் ஒன்றில் முடிந்து, ஓவிட்டின் ஒழுங்குக்குப் பழகிய காதைத் திடுக்கிட வைக்கும். அந்தத் திடுக்கிடலை உணரும் அளவுக்குக் காது பழகிய பிறகு அவரிடம் செல்வதே முறை.

பிறகு, தமிழில் எந்த வடிவத்தில் பெயர்ப்பது? முதலடி நீண்டு இரண்டாமடி குறுகும் எலஜி ஈரடியைக் கண்டதும், நாற்சீரும் முச்சீருமாக அமையும் குறள் வெண்பாவே அதற்கு இணை என்று தோன்றுவது இயல்பு. வடிவ ஒற்றுமை உண்மையானதும்கூட. ஆனால் பயிற்சிக்காகச் செய்யும் மொழிபெயர்ப்பில் இதைத் தவிர்க்க வேண்டும். தளை தட்டாமல் ஏழு சீரில் அடக்கும் முயற்சியில் மூலத்தின் சொற்கள் பாதி உதிர்ந்துவிடும். எஞ்சுவது நமது செய்யுளாக இருக்குமே தவிர, அவர் சொன்னதற்குச் சான்றாக இராது. கட்டுல்லஸின் எண்பத்தைந்தாம் கவிதை இதற்குத் தக்க சோதனை. மொத்தம் இரண்டே அடிகள், பதினான்கு சொற்கள். அவற்றுள் எட்டு வினைகள், ஒரு பெயர்ச்சொல்கூட இல்லை. ‘வெறுக்கிறேன், காதலிக்கிறேன். ஏன் இதைச் செய்கிறேன் என்று நீ கேட்கலாம். அறியேன், ஆனால் அது நிகழ்வதை உணர்கிறேன், வதைபடுகிறேன்’ என்னும் எளிய உரைநடை, செய்வதாகத் தொடங்கியது தனக்கு நிகழ்வதாக மாறும் அந்தத் திருப்பத்தைக் காப்பாற்றிவிடுகிறது. காப்பாற்ற முடியாதது ஒன்று உண்டு. முதலில் நிற்கும் ‘ஓதி’யின் ஈறு ‘எத்’ என்பதன் முன் கெட்டு, ‘ஓதெத் அமோ’ என்று வெறுப்பும் காதலும் இடைவெளியின்றி ஒரே மூச்சில் ஒலிக்கின்றன. இதை மொழிபெயர்ப்பின் கீழே ஒரு குறிப்பாக எழுதிவைக்கலாம். அலகிட்டுப் படித்தவர் எழுதும் குறிப்பு அது.

உரக்கப் படிக்கும் முறையிலும் தேர்வு இருக்கிறது. ஒவ்வொரு சீரின் முதல் அசையையும் அடித்து ஒலிக்கும் பழக்கம் ஐரோப்பியப் பள்ளிகளில் நெடுங்காலம் இருந்துவந்தது. தாளம் பிடிபடும் வரை அது உதவும். அதைத் தாண்டியும் தொடர்ந்தால் சொற்களின் இயல்பான அழுத்தம் அழிந்து, எல்லா அடிகளும் ஒன்றுபோலவே ஒலிக்கும். நெடிலை நெடிலாகவும் குறிலைக் குறிலாகவும் ஒலித்துவிட்டால் தாளம் தானாகவே எழும் என்பதால், தமிழ் வாசகர் அந்த அடிப்பைத் தொடக்கத்திலேயே விட்டுவிடலாம்.

இவ்வளவு நேரம் ஒதுக்க இயலாத ஒருவருக்கு, சில வாரங்களே கையில் இருக்குமானால், எதிரெதிர்ப் பக்கங்களில் மூலமும் மொழிபெயர்ப்பும் உள்ள இருமொழிப் பதிப்பொன்றை வாங்கிக்கொள்ளும்படி சொல்வேன். அதில் கட்டுல்லஸின் ஐந்தாம் கவிதையையும் எண்பத்தைந்தாம் கவிதையையும், ஓவிட்டின் முதற்கவிதையில் கூபிட் சீரைத் திருடும் முதல் நான்கு அடிகளையும் மட்டும் அலகிட்டு, உரக்கப் படித்து, மனப்பாடமாக்கிக்கொள்ளலாம். மற்றவற்றை மொழிபெயர்ப்பில் படிக்கட்டும். பதினோரசை அடியின் வாய்பாடு முதல் இரண்டு அசைகளைத் தவிர மாறாதது, ஒரு மாலையில் பழகிவிடக்கூடியது. ஈரடியின் வாய்பாட்டுக்கு இன்னும் சில நாட்கள் தேவைப்படும்.